நெற்றிக் காசு

"கழுவினதா, கழுவாததா? ஒரே வார்த்தையில சொல்லுங்க பாய். கீழே ஆட்டோ நிக்குது."

வசுமதி காசை மேஜைமேல் வைத்தாள். வைத்தாள் என்று மரியாதைக்குச் சொல்வது. அறைந்தாள்.

தஸ்தகீர் பாய் காசைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்.

"ஆட்டோவை அனுப்பிடுங்க அக்கா" என்றார்.

ஆற்காட்டில் பழைய நாணயம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், விற்கிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டையும் செய்துகொண்டே இரண்டும் செய்யவில்லை என்று சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தஸ்தகீர் பாய் இவர்களில் யாருமில்லை. அவர் பார்ப்பார். பார்த்துச் சொல்வார். அவ்வளவுதான் அவர் வேலை. ஹைதராபாத்திலிருந்தும் மும்பையிலிருந்தும் பஞ்சு வைத்துக் கட்டிய பொட்டலங்கள் அவர் மாடிக்கு வரும். சேகரிக்கிறவர்களுக்குக் காசு கறுத்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம், ஓரம் நசுங்கியும் இருக்கலாம். யாரோ துலக்கியிருந்தால் மட்டும் ஆகாது. துலக்கியதா இல்லையா என்பதில் பாய் சொன்னால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

அவருக்கு வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். வசுமதிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவள் ஒன்றும் குருவைத் தேடி வரவில்லை. சர்டிபிகேட் வாங்க வந்தாள்.

"இது எதுக்குத் தெரியணும் உங்களுக்கு?"

"அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?"

பாய் சிரித்தார். மேஜையிலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். போட்டுக்கொள்ளவில்லை. திரும்பவும் துடைத்தார். இந்த மனிதர் கண்ணாடி தேயும்வரை துடைப்பார், ஆனால் கேட்காமல் விடமாட்டார் என்று வசுமதிக்குப் புரிந்தது. ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சொன்னாள்.

காஞ்சிபுரத்தில் அவள் பிறந்த வீட்டில் ஒரு வெள்ளி ரூபாய் உண்டு. விக்டோரியா ராணி தலை போட்டது. வீட்டில் யார் இறந்தாலும் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் அந்தக் காசைத்தான் ஒட்டுவார்கள். ராணி வெளியே பார்ப்பாள். பூக்கொடி போட்ட பக்கம் நெற்றியில் படும். மற்ற வீடுகளில் நெற்றிக் காசு பிணத்தோடு போய்விடும். இவர்கள் வீட்டில் பாடையைத் தூக்குமுன் காசை எடுத்துவிடுவார்கள். அந்த வீட்டில் பிறந்த பெண் அதைக் கழுவித் துடைத்து, பட்டுத் துணியில் முடிந்து பெட்டியில் வைப்பாள், அடுத்த சாவு வரும்வரை. வீட்டுப் பெண்தான் கழுவ வேண்டும். மருமகள் கழுவக் கூடாது.

"போன ஐப்பசியில எங்கம்மா போனாங்க. காசை எடுக்கிற நேரத்துல நான் மயங்கி விழுந்துட்டேன். கண் முழிச்சா ஆஸ்பத்திரி, கையில ட்ரிப்ஸ். அப்புறம் காசைப் பத்தி யாரும் பேசல. நானும் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"அவங்களாத் தரட்டுமேன்னு."

"தந்தாங்களா?"

"எங்க? பொங்கலுக்குப் போயி நானே கேட்டேன். அண்ணி உள்ளேயிருந்து எடுத்துட்டு வந்து நீட்டறா, இதோ, இந்த மூதேவியை!" மேஜைமேல் கிடந்த காசை நோக்கிக் கையை வீசினாள். "எங்க காசு எப்படி இருக்கும் தெரியுமா? எங்கப்பா போனப்ப நான் கழுவி வெச்சது. முகம் பார்த்துப் பொட்டு வெச்சுக்கலாம். இது கரிக்கட்டை மாதிரி இருக்கு. பின்பக்கம் சேறு அப்பியிருக்கு. எங்க காசை யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டு ஏதோ குப்பைக் காசைக் கொண்டாந்து வெச்சிருக்கா."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"என்னமோ சொல்ல வாயெடுத்தா."

"என்னன்னு?"

"நான் எங்க விட்டேன்?"

உண்மைதான். வசுமதி இருக்கும் இடத்தில் அடுத்தவர் வாக்கியம் முடிவதில்லை. அவள் கணவரே கல்யாணத்துக்கு அடுத்த மாதம் தொடங்கிய ஒரு வாக்கியத்தை இன்னும் முடிக்கவில்லை.

"திருடின்னு சொல்லிட்டேன் பாய். நடு ஹால்ல. பிள்ளைங்க எல்லாம் இருந்தாங்க. எங்க அண்ணன் எழுந்து வந்தான். இந்தக் காசை எடுத்துட்டுப் போ, எங்க வேணாலும் காட்டு, ஆதாரத்தோட வா, நானே இவளை இவ அம்மா வீட்டுக்கு அனுப்பிடறேன். ஆதாரம் இல்லேன்னா அம்மா திதிக்கு இந்த வாசப்படி மிதிக்காதேன்னுட்டான்."

குரல் ஓர் இடத்தில் இடறியது. அதைத் தொண்டையைச் செருமி மறைத்தாள்.

"அதனால கணக்கு ரொம்ப சிம்பிள். எங்க காசு ஒவ்வொரு சாவுக்கும் தேய்ச்சுக் கழுவின காசு. இது கழுவாத காசா இருந்தா, அவ மாத்திட்டா. இப்ப சொல்லுங்க."

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காசை ஓரத்தில் மட்டும் விரல் படும்படி எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி லேசாகச் சாய்த்தார். திருப்பினார். பின்பக்கத்தைப் பார்க்கும்போது அவர் கை அசையாமல் நின்றுவிட்டது. பூ விழுந்த தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே வைப்பதுபோல அதை ஒரு காகித உறைக்குள் வைத்தார்.

"தெரிஞ்சுடுச்சு."

"சொல்லுங்க!"

"சொல்ல மாட்டேன்."

வசுமதிக்கு வாய் அடைத்தது. அபூர்வமான காட்சி.

"நான் சொன்னா அது என் வார்த்தை அக்கா. அதைத் தூக்கிட்டுப் போய் உங்க அண்ணன் வாசல்ல நிப்பீங்க. அந்த பாய்க்கு எவ்ளோ குடுத்தேன்னு கேப்பாரு. நீங்களே பார்த்துட்டுப் போங்க."

"எனக்குப் பார்க்கத் தெரியாதே!"

"ஐப்பசிக்கு நாள் இருக்கே."

"காசைக் குடுங்க, நான் வீட்ல வெச்சு..."

"காசு இங்கேயே இருக்கட்டும்" என்றார் பாய். "வீட்டுக்குக் கொண்டு போனா நீங்க புளி போட்டுடுவீங்க."

போட்டுத்தான் இருப்பாள். வேலூரில் அவள் வீட்டுக் குழாய்களே கண் கூசும். கான்வென்ட்டில் தினம் காலையில் நகம் பார்த்து ஸ்கேலால் அடித்த சிஸ்டர்கள் வளர்த்த பெண். அழுக்கு என்றால் அவளுக்கு யாரோ செய்த தப்பு.

வியாழக்கிழமைதோறும் வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள்.

முதல் வியாழன் பாய் இரண்டு வெள்ளிக் காசுகளை வைத்தார். ஒன்று பளிச்சென்று இருந்தது. மற்றொன்று மழைக்கால வானம்போல மங்கிக் கிடந்தது.

"எது நல்லா இருக்கு?"

"இது. பளபளன்னு."

"அது செத்துப்போச்சு."

"எப்படித் தெரியும்?"

"பாருங்க."

அவ்வளவுதான் அன்றைய பாடம். பஸ் கட்டணத்துக்குக் கூடத் தேறாது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வசுமதி வீடு போனாள்.

அடுத்த வாரம் ஒரு தட்டு நிறையக் காசுகள். அதற்கடுத்த வாரமும். பாய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவள் காசுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பொறுமை போய் ஒருநாள் கத்திவிட்டாள்.

"ரூல்ஸ் சொல்லுங்க பாய்! ஒண்ணு ரெண்டு மூணுன்னு எழுதிக்கறேன். சும்மா பாருங்க பாருங்கன்னா? இது என்ன, பொண்ணு பார்க்கிற படலமா?"

பாய் சொன்னார். துணியால் தேய்த்த காசில் மயிரிழைபோல் கோடுகள் ஒரே பக்கமாக ஓடும். விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்த்தால் எழுத்தின் இடுக்கில் வெள்ளையாக மிச்சம் இருக்கும். மேட்டிலெல்லாம் பளபளப்பு, பள்ளத்தில் மட்டும் கறுப்பு என்றால் கை போன இடம் அது, போகாத இடம் இது. எலுமிச்சையிலோ புளியிலோ ஊறிய காசு வெளுத்து, சாப்பிடாத பிள்ளை முகம்போல் இருக்கும்.

"இவ்வளவுதானா? இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றார் பாய்.

பிறகு வசுமதியைப் பிடிக்க முடியவில்லை. தட்டில் கை வைத்த மாத்திரத்தில் "கழுவினது, கழுவினது, இதுவும் கழுவினது" என்று ஒதுக்கித் தள்ளினாள். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஒரு கல்யாணத்தில் சம்பந்தியம்மாளின் காசுமாலையை அருகில் இழுத்துப் பார்த்து, "ஆசிட்ல போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வீட்டில் அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு வியாழன் திமிரியிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். புது கர்ச்சீப்பில் சுற்றிய செப்புக் காசு. நவாப் காலத்தது. பிரித்ததும் அறை முழுக்கப் புளி வாசனை. காசு குழந்தையின் உள்ளங்கைபோல இளஞ்சிவப்பாக மின்னியது.

"பாய்கிட்ட காட்டப் போறோம், அழுக்கோட எப்படிக் கொண்டு வர்றதுன்னு இவதான் ராத்திரி பூரா துலக்கினா" என்றார் கணவர். அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"கெடுத்தீங்க!" என்றாள் வசுமதி. "தேய்ச்சே கொன்னுட்டீங்களே! இனிமே இதை யாரு..."

பாய் கையை உயர்த்தினார். ஓங்கவில்லை, உயர்த்தினார். வசுமதியின் வாக்கியம் பாதியில் நின்றது.

"யாரு குடுத்தாங்க இதை?" என்று அந்தக் கணவரிடம் கேட்டார்.

"எங்க தாத்தா. நவாப்கிட்ட எங்க வம்சம் குதிரை பார்த்துக்கிட்டு இருந்துச்சாம். எல்லாரும் கதைன்னு சிரிக்கிறாங்க பாய்."

பாய் காசை ஜன்னலருகே கொண்டுபோய் நிறைய நேரம் பார்த்தார்.

"நவாப் காசுதான். ஒரிஜினல். இங்கேயே அடிச்சது. தாத்தா கதை விட்டிருந்தா இது உங்க வீட்டுக்கு வந்திருக்காது" என்றார். "பிள்ளைங்களுக்குக் காட்டுங்க. இனிமே மட்டும் தேய்க்காதீங்க அம்மா. அதுக்கு வயசாச்சு."

அவர்கள் படியிறங்கும் சத்தம் சந்தோஷமாகக் கேட்டது.

"கழுவின காசுன்னு ஏன் சொல்லல?" வசுமதி விடவில்லை. "அதுதானே உங்க வேலை?"

"விக்க வந்திருந்தா சொல்லியிருப்பேன்."

"அப்ப உண்மையைச் சொல்லவேண்டாமா?"

"அவங்க கேட்டதுக்கு உண்மையைத்தானே சொன்னேன்?"

வசுமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். சளி இல்லை, கோபம்.

பாய் எழுந்தார். பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். வாசற்கதவைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார்.

"நீங்க கெட்டுப்போனதையே பார்க்கக் கத்துக்கிட்டீங்க அக்கா. கெடாதது எப்படி இருக்கும்னு இதுவரைக்கும் பார்க்கல. நானும் காட்டல."

பெட்டிக்குள் ஒரு வெள்ளி ரூபாய். அதே ராணி.

"அச்சடிச்ச அன்னிக்கே பைக்குள்ள போச்சு. பை ஒரு வீட்டுச் சுவருக்குள்ள போச்சு. சுவரை இடிக்கிற வரைக்கும் வெளியே வரல. கடைக்காரன் கை, களவாணி கை, குழந்தை கை, எதுவும் படாதது. ஓரத்தைப் பிடிங்க. மூச்சு விடாதீங்க. ஜன்னல் பக்கம் சாயுங்க. மெதுவா."

வசுமதி பிடித்தாள். முதலில் கறுப்பாகத்தான் தெரிந்தது. பிறகு ஓரத்தில் நீலம். அதற்கு உள்ளே மயில் கழுத்து. இன்னும் உள்ளே, ராணியின் கன்னத்துக்கருகில், விடியற்காலையில் அடிவானத்தில் மட்டும் வந்துவிட்டுப் போகும் ஒரு நிறம்.

சாய்த்தாள்.

வெளிச்சம் எழுந்தது. காசின் நடுவிலிருந்து கம்பி கம்பியாகப் பிரிந்து, தேர்ச் சக்கரம் உருள்வதுபோல ராணியைச் சுற்றி வந்தது. கையை ஒரு நூல் அளவு திருப்பினால் அதுவும் ஒரு நூல் அளவு சுற்றியது. நிறுத்தினால் நின்றது. காத்திருந்தது.

"சுத்துது பாய்" என்றாள். அவள் குரலே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "உள்ளே என்னமோ சுத்துது."

"அச்சு வந்து இறங்கும்போது வெள்ளி நடுவிலேர்ந்து ஓரத்துக்கு ஓடும். ஓடின தடம்தான் அது. ஒரு நொடி. அந்த நொடி அப்படியே இருக்கு."

"அன்னிலேர்ந்தா?"

"அன்னிலேர்ந்து."

"இதுமேல ஒரு தடவை துணி பட்டா?"

"நின்னுடும்."

"திரும்ப வராதா?"

"சுப்ஹானல்லாஹ்" என்று பாய் வியந்து, இறைவனைத் தனக்குள் புகழ்ந்துகொண்டார். அவளுக்குப் பதில் சொன்னாரா, காசைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை. "வராது."

நான்கு மணி பஸ் போய்விட்டது. வசுமதி அசையவில்லை. சாய்த்தாள், நிமிர்த்தினாள், சாய்த்தாள். உள்ளங்கையில் ஒரு தேர் ஓடிக்கொண்டிருந்தது. தன் வாழ்நாளில் இவ்வளவு நேரம் வாய் பேசாமல் ஒரு பொருளைப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு வீட்டுக்குப் போய் வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது.

அதன்பின் அவள் வேகம் குறைந்துவிட்டது. ஒரு காசுக்கு அரைமணி எடுத்துக்கொண்டாள். பெயர் சொல்லித் தள்ளுவதை விட்டுவிட்டாள். சாய்ப்பாள். வெளிச்சம் உருள்கிறதா, பாதியில் விழுந்து சாகிறதா என்று பார்ப்பாள். விழுந்தால் அவளுக்கே ஏதோ வலித்தது.

புரட்டாசி முடியும் தறுவாயில், ஒரு வியாழன் காலை, பாய் அந்தக் காகித உறையை எடுத்து அவள்முன் வைத்தார். ஒரு லென்ஸையும் வைத்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார்.

இதில் இருப்பதுதான் அண்ணன் வீட்டு வாசல். திறக்கப் போகிறதா, அடைக்கப் போகிறதா என்று அவளே பார்த்துச் சொல்ல வேண்டும்.

காசை உறையிலிருந்து சரித்தாள். ராணி மேலே வந்தாள். கறுப்பு. ஓரத்தில் லேசான நீலம். எழுத்து இடுக்கில் வெள்ளை இல்லை, மேட்டில் பளபளப்பு இல்லை, வெளுப்பு இல்லை. ரூல்ஸ்படி ஒன்றுமே இல்லை.

கழுவாதது. நான் சொன்னேனே. மாத்திட்டா. நெஞ்சில் ஒரு வெற்றி குபுக்கென்று எழுந்தது. கைப்பையைக்கூட இழுத்துக்கொண்டாள்.

ஆனால் கை கேட்கவில்லை. அது பழகிப்போன கை. ஜன்னல் பக்கம் தானாகச் சாய்த்தது.

வெளிச்சம் வந்தது. உருளவில்லை. ராணியின் கன்னத்துக்கு வந்து, உடைந்து, அங்கேயே செத்துப்போனது.

வசுமதி கைப்பையைக் கீழே வைத்தாள். லென்ஸை எடுத்தாள்.

நிறைய நேரம் கழித்து, "கறுப்புக்குக் கீழே கோடு இருக்கு பாய்" என்றாள்.

"ம்."

"கழுவினதுக்கு அப்புறம்தான் கறுத்திருக்கு."

"ம்."

"அப்ப இது கழுவின காசு."

"யாரு கழுவினது?"

"அது எப்படித் தெரியும்?"

"பாருங்க."

பார்த்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். கறுப்பின் அடியில், ஆழமாக, கரடுமுரடான வட்டங்கள். எழுத்துகளின் அடியில் ஒட்டிய செம்மை.

"செங்கல் பொடி" என்றாள். பிறகு மெதுவாக, "எங்க அத்தை. தாத்தா போனப்ப அத்தைதான் கழுவினாங்க. எதைத் தேய்ச்சாலும் வட்டமாத்தான் தேய்ப்பாங்க, தோசைக்கல்லைக்கூட."

"அதுக்கு மேல?"

வட்டங்களை அறுத்துக்கொண்டு நேர்க்கோடுகள். குறுகலாக, நெருக்கமாக, ஈவிரக்கமில்லாமல், விளிம்பிலிருந்து விளிம்புவரை.

"ராணி மூக்கைக்கூட விட்டு வைக்கல" என்றார் பாய்.

வசுமதி லென்ஸை இறக்கித் தன் வலது கையைப் பார்த்தாள்.

"எங்கப்பா போன அன்னிக்கு எனக்கு அழுகை வரல பாய். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தாங்க. நான் கிணத்தடியில உட்கார்ந்து இதைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். போதும் போதும்னு அம்மா வந்துதான் பிடுங்கினாங்க."

பாய் ஜன்னல் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தார்.

அப்படியானால் இது எங்கள் காசு. யாரும் மாற்றவில்லை. நடு ஹாலில், பிள்ளைகள் எதிரில், வாயிலிருந்து போன அந்தச் சொல் இப்போது திரும்பி வந்து அவள்மேலேயே விழுந்தது.

"என் கைக்கு மேல அண்ணி கை இருக்கணுமே" என்றாள் பிறகு. "கடைசியா கழுவினது அவதானே?"

"இருக்கா?"

தேடினாள். ராணியின் கூந்தல், கிரீடம், ஒவ்வொரு எழுத்தின் காலும். அவளுடைய கோடுகளுக்கு மேல் ஒரு கோடும் இல்லை.

"இல்லையே."

"திருப்புங்க."

பின்பக்கம். பூக்கொடி. இலைகளின் பள்ளங்களில் பழுப்பாக அப்பிய அந்தச் சேறு. பொங்கலன்று "குப்பை" என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டியது.

லென்ஸை வைத்தாள். சேறாகத் தெரியவில்லை. நைசாக அரைத்த ஏதோ, உலர்ந்து, ஓரங்களில் வெடித்து. ஓரிடத்தில் மட்டும் வெடிக்காமல் ஒரு நகக்கண் அளவு முழுசாக இருந்தது. அதன்மேல் சின்னச் சின்னக் கோடுகள். உலோகத்தில் விழும் கோடு இல்லை, தேய்த்த கோடும் இல்லை. மெத்தென்று, லேசாக வளைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக. நடுவே ஊசி குத்தியதுபோல் நுண்ணிய புள்ளிகள்.

"இது என்ன தடம் பாய்? துணியா?"

"துணின்னா குறுக்கே நெடுக்கே இழை தெரியும்."

"அப்ப என்ன?"

"இந்தப் பக்கம் எங்க பட்டிருந்துச்சு?"

வசுமதியின் விரல் தன் நெற்றிக்குப் போனது. அங்கேயே நின்றது.

சந்தனம். அம்மாவின் நெற்றியில் அப்பிய சந்தனம். ஒட்டி, காய்ந்து, எடுத்தபோது காசோடு வந்த சந்தனம். அதில் அந்த மடிப்புகள். கோபம் வந்தால் முதலில் விழும் மடிப்பு. காய்கறிக்காரனிடம் பேரம் பேசும்போது விழும் மடிப்பு. காய்ச்சல் என்று படுத்தால் அவள் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும் தோலின் சொரசொரப்பு. தீ எடுத்துக்கொண்டு போனது என்று அவள் நினைத்த முகத்தில், தீ தொடாத ஒரு நகக்கண் அளவு.

அவள் மூச்சு விடவில்லை. விட்டால் கலைந்துவிடும் என்று பயந்தாள். லென்ஸுக்குள் கண்ணீர் விழுந்துவிடுமோ என்று தலையைப் பின்னுக்கு இழுத்தாள். மறுபடி குனிந்தாள். மறுபடி இழுத்தாள்.

தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள்.

"ஈரத்தோட துணியில முடிஞ்சு வெச்சா வெள்ளி கறுக்கும்" என்றார் பாய், காசைப் பற்றி மட்டும் பேசுகிறவர்போல. "கழுவியிருந்தா கறுத்திருக்காது."

"ஏன் கழுவல அவ?"

பாய் அவளைப் பார்த்தார்.

"உங்க வீட்ல யாரு கழுவணும்?"

வசுமதிக்கு அண்ணி நீட்டிய கை நினைவுக்கு வந்தது. உள்ளங்கையில் பட்டுத் துணி, அதன்மேல் காசு, சொல்ல எடுத்த வாய். முடிக்க விடாத அந்த வாக்கியம், இப்போது யாரும் சொல்லாமலே, முழுதாகக் கேட்டது.

நிழல் மேஜையின் ஓரத்தைத் தாண்டியது. பாய் பஞ்சை எடுத்து ஒரு சின்னப் பெட்டியில் பரப்பினார். காசை, பூக்கொடிப் பக்கம் மேலே தெரிய, அதில் வைத்தார். மூடியை மூடாமல் அவள் பக்கம் நகர்த்தினார்.

வசுமதி தொடவில்லை.

"வீட்டுப் பொண்ணு நான் பாய். கழுவ வேண்டியவ. கழுவினா அம்மா போயிடுவாங்க. கழுவலேன்னா எங்க வீட்டு முறை போயிடும். அடுத்த வாரம் திதி." அவள் குரல் குழந்தையின் குரல்போல் இருந்தது. "நீங்களே சொல்லுங்க. இந்த ஒண்ணுக்காவது ஒரே வார்த்தையில சொல்லுங்க. இதைக் கழுவட்டுமா, வேண்டாமா?"

தஸ்தகீர் பாய் பெட்டியை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க அக்கா? கழுவாம வெச்சிருந்தவங்ககிட்ட கேளுங்க."